தேதி போடாத சீட்டு

மார்சிலிங், சிங்கப்பூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள காதர் மைதீன் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி நஃபீசா எழுதுகிறேன். அல்லாஹ் காவலில் நானும் உங்கள் மச்சான் முபாரக்கும் சுகம். லீட்ஸ் பக்கம் பனி கொட்டுவதாக டிவியில் காட்டினார்கள். கம்பளியும் காப்பியுமாக நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

போனில் உங்களை நேற்று பிளாக் செய்துவிட்டேன். அதனால்தான் தாள். வாப்பா, உம்மா கபுர் விஷயமாக நான் உங்களுக்கு அனுப்பியது பதினோரு மெசேஜ். அதற்கு நீங்கள் அனுப்பிய பதில் ஒரே ஒரு சொல். சூன். சீக்கிரமாம். அதையும் ஆங்கிலத்தில், கடைசியில் ஒரு புள்ளிகூட வைக்காமல். போனில் அதை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே அடித்துவிடலாம். தாளில் எழுதினால் மேலே தேதி போட்டாக வேண்டும். ஸ்டாம்பு வாங்க நடந்து போக வேண்டும். அந்தச் சிரமத்தையாவது படுங்கள்.

திரும்பவும் சொல்கிறேன். இந்த ஊரில் செத்தவர்களுக்கும் இடம் பதினைந்து வருடம்தான். அது உங்களுக்கும் தெரியும். வாப்பா போய் இருபது வருடம், உம்மா போய் பதினேழு. அவர்கள் வரிசைக்கு முறை வந்துவிட்டது. எலும்புகளை எடுத்துச் சின்ன குழியில் மறுபடி வைப்பார்கள். பதிவு செய்தால் இருவரையும் ஒரே குழியில் வைக்கலாம். நான் பதிவு செய்துவிட்டேன். எந்த நாள் என்று அவர்கள் சொல்வார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். வாப்பா போனபோது நீங்கள் வரவில்லை. உம்மா போனபோதும் வரவில்லை. பெற்ற மகன் இருக்க, உம்மாவைக் குழிக்குள் இறக்கியது பக்கத்து வீட்டு சேக் தாவூது பாய். பொம்பளை நான் இறங்க முடியாது. இந்த முறையாவது மகன் கை படட்டும்.

தேக்கா மார்க்கெட் மாடியில் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி, எப்பக் கிடைக்கும். நான் யாருக்கும் சீக்கிரம் என்று சொன்னதில்லை. சீட்டில் தேதி எழுதித் துணியில் ஊசி குத்திவிடுவேன். அப்படி ஒரு சீட்டை இந்தக் கடிதத்தில் குத்தியிருக்கிறேன். பெயர் எழுதிவிட்டேன். தேதியை நீங்கள் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் தங்கச்சி
நஃபீசா


லீட்ஸ்
3 பிப்ரவரி 2025

என் அன்புத் தங்கச்சி நஃபீசாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று. இன்னும் ‘ழ’வுக்கு அதே நீளமான வால். நான் நலம். முழங்கால் மட்டும் குளிரில் கொஞ்சம் பேசுகிறது. மச்சானுக்கு என் ஸலாம்.

நீ எழுதியது எல்லாம் நியாயம். நான் கட்டாயம் வர வேண்டும். இங்கே அகராதி வேலையில் ஒரு தொகுதி கெடுவில் நிற்கிறது. பழைய ஆங்கிலச் சொற்களுக்கு ஒவ்வொன்றாக வேர் தேடி எழுதும் வேலை என்பதால் நினைத்தபடி முடிவதில்லை. விரைவில் ஒரு முடிவு சொல்கிறேன்.

பாவம், அந்தச் சூன் என்ற சொல்லைப் போட்டு ஏன் இப்படி அடிக்கிறாய்? ஆயிரம் வருடத்துக்கு மேல் வயதான, நல்ல, நேர்மையான வினையடை அது. யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். தைத்துத் தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்
காக்கா


மார்சிலிங்
25 பிப்ரவரி 2025

காக்காவுக்கு ஸலாம். நான் சுகம், கண்ணும் சுகம். ஊசியில் நூல் கோக்க இன்னும் யாரையும் கூப்பிடுவதில்லை.

சீட்டு வரவில்லை. கடித உறையை இரண்டு முறை உதறிப் பார்த்தேன்.

நேர்மையான சொல் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு ஜாக்கெட்டின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் கடையை அடைத்துவிட்டு விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்குப் போனேன். மேல் மாடியில் கமலா என்று ஒரு பெண் வேலை செய்கிறாள், என்னிடம் தீபாவளி ஜாக்கெட் தைப்பவள்.

“அக்கா, உங்களுக்கு என்ன புக் வேணும்?” என்றாள்.

“சூன்னு ஒரு சொல் இருக்குல்ல, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்கணும்.”

“ப்ராஜெக்ட்டா லா?”

“சண்டை” என்றேன்.

சிரித்துக்கொண்டே தலையணை கனத்தில் நான்கு புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தாள். நானும் அவளும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து படித்தோம். பழைய ஆங்கிலத்தில் அது சோனா. பொருள் என்ன தெரியுமா? தெரியாமல் இருக்குமா, அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறீர்கள். உடனே. அப்போதே. சொன்ன நிமிஷத்திலேயே. லத்தீன் வேதத்தில் உடனே என்று இருக்கும் இடங்களில் அந்தக் காலத்துப் பாதிரிமார்கள் சோனா என்றுதான் மாற்றி எழுதினார்களாம். படுத்துக் கிடந்தவனை எழுந்திரு என்றதும் அவன் சோனா எழுந்தான். அப்புறம் பார்க்கலாம் என்று திரும்பிப் படுக்கவில்லை.

பிறகு ஜனங்கள் உடனே உடனே என்று சொல்லிச் சொல்லிச் செய்யாமலே இருந்து, கேட்கிறவர்களும் இவன் உடனே என்றால் நாளைக்கு என்று பழகி, சொல் நொண்டியாகிவிட்டது. அது மட்டுமில்லை, அனான் என்று ஒன்று, பிரசன்ட்லி என்று ஒன்று. அவைகளும் ஒரு காலத்தில் இந்த க்ஷணமே என்று அர்த்தம் கொடுத்தவைதானாம். எல்லாம் இப்போது அப்புறம் ஆகிவிட்டன. கமலா சொன்னாள், “மனுஷங்க பொய் சொல்லியே வேர்ட்ஸைக் கெடுத்துட்டாங்கக்கா.”

நான் அவளிடம் சொல்லவில்லை, அதில் என் கூடப்பிறந்தவருக்கும் பங்கு உண்டு என்று. அந்தச் சொல்லைக் கெடுத்த கூட்டத்தில் கடைசி ஆள் நீங்கள்தான் காக்கா. இன்னொரு சீட்டு குத்தியிருக்கிறேன்.

நஃபீசா


லீட்ஸ்
20 மார்ச் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே பகல் நீண்டுகொண்டே வருகிறது. உம்மா காய்ச்சும் நோன்புக் கஞ்சியின் மணம் நேற்றுக் கனவில் வந்தது. நான் நலம்.

உன் கடிதத்தை அலுவலகத்தில் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும் போல இருந்தது. முப்பது வருடமாக இதையே செய்கிறவர்கள்கூட இவ்வளவு தெளிவாக எழுதுவதில்லை. மேலே கேள். சோனாவுக்கு உறவுக்காரர்கள் உண்டு. பழைய ஜெர்மானியத்தில் சான். அதற்கும் முன்னால் காத்திக் என்ற மொழியில் சுன்ஸ். எல்லாவற்றுக்கும் உடனே என்பதே பொருள். காத்திக்காரர்கள் வேதத்தைக் கிரேக்கத்திலிருந்து மாற்றினார்கள். கிரேக்கத்தில் அவர்களுக்கு எதிரே இருந்த சொல்லுக்கு நேராக என்றும் ஒரு பொருள் உண்டு. வளையாமல், சுற்றாமல், நேராக. எவ்வளவு அழகு பார்.

காத்திக்குக்கு அப்பால் போனால் வழி இல்லை. தாய்ச்சொல் இதுதான் என்று ஊகிக்கிறார்கள், நட்சத்திரக் குறி போட்டு எழுதுகிறார்கள். ஆனால் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தடம் அங்கே மண்ணில் மறைந்துவிடுகிறது.

நீ பள்ளியோடு நிறுத்தியிருக்கக் கூடாது நஃபீசா. மச்சானுக்கு ஸலாம் சொல்.

அன்புடன்
காக்கா


மார்சிலிங்
6 ஏப்ரல் 2025

காக்காவுக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாக முடிந்தது. உங்களைத் தவிர எல்லோரும் வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

நான் ஏன் பள்ளியோடு நின்றேன் என்பது உங்களுக்கு மறந்துவிட்டதா? வாப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது தூக்கி உட்கார வைக்க வீட்டில் உம்மாவையும் என்னையும் தவிர ஆள் இல்லை. அகராதியில் வேலை செய்ய ஆள் இருந்தது. வீட்டில் இல்லை. இனி இந்தப் பேச்சை எழுதாதீர்கள், அந்தத் தாளை நான் கிழித்துவிடுவேன்.

நேராக என்று ஒரு பொருள் இருக்கிறதாமே. நீங்கள் எனக்கு இதுவரை எழுதிய எந்த வரியாவது நேராக இருக்கிறதா? வருகிறேன், வரவில்லை. இரண்டில் ஒன்று. ஜெர்மனி வழியாகச் சுற்றி, காத்திக் வழியாகச் சுற்றி, கிரேக்கம் வரை போய்விட்டீர்கள். இன்னும் சிங்கப்பூர் வந்து சேரவில்லை.

தேதி வந்துவிட்டது. செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி, சுவா சூ காங் மையவாடி. சேக் தாவூது பாயைப் பார்க்கத் தோ பாயோ போனேன். எழுபத்தாறு வயது, இடுப்பில் பெல்ட்.

“நான் எறங்குறேன்மா, அதுக்கென்ன” என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒன் காக்காவுக்கும் ஆசை இருக்கும். எல்லாருக்கும் வர முடியுற சூழ்நிலை அமையாதும்மா. ரொம்பத் திட்டாத.”

உங்களுக்காக ஊரார் பரிந்து பேசும் அளவுக்கு என்ன கொடுத்து வைத்தீர்கள்? உம்மா கடைசி மூன்று நாள் ஒரே பக்கமாகப் படுத்திருந்தார். திருப்பிப் படுக்க வைத்தால் மறுபடி கதவுப் பக்கமே திரும்பினார். நான் போன் செய்தேன். சூன் என்றீர்கள். அதை உம்மா காதில் போய்ச் சொன்னது நான்தான். “காக்கா வந்துகிட்டே இருக்காக உம்மா” என்றேன். என்னையும் பொய் சொல்ல வைத்தீர்கள்.

மூன்றாவது சீட்டு. அச்சடித்த கட்டு தீரப்போகிறது.

நஃபீசா


மார்சிலிங்
15 ஜூன் 2025

காக்காவுக்கு ஸலாம்.

பத்து வாரம் ஆகிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. என் கடிதம் திரும்பியும் வரவில்லை, உங்கள் பதிலும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் அதையாவது எழுதுங்கள். முபாரக் தன் போனிலிருந்து உங்களைக் கூப்பிட்டாராம், எடுக்கவில்லையாம். இது நான் சொல்லி அவர் செய்தது இல்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் பதிலே வேண்டாம். உங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள் என்று உங்கள் அகராதியில் நட்சத்திரக் குறி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நஃபீசா


லீட்ஸ்
2 ஜூலை 2025

என் தங்கச்சி நஃபீசாவுக்கு,

ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதங்களை மேசையில் வைத்து, தினமும் எழுத உட்கார்ந்து, எழுந்துகொண்டிருந்தேன். நேராக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் இறங்கினால் விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். பதினெட்டு வயதானதும் எல்லா ஆண்பிள்ளைகளும் செய்தாக வேண்டிய தேசிய சேவையைச் செய்யாதவன் நான். படிப்புக்கு என்று அனுமதி வாங்கி வந்தேன். அது முடிந்ததும் திரும்பிப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை. என் பெயரில் வாரண்ட் இருக்கிறது. முப்பது வருடமாக இருக்கிறது.

பெரிய காரணம் எதுவும் இல்லை நஃபீசா. கொள்கை இல்லை, நோய் இல்லை, யாரும் தடுக்கவில்லை. அப்போதுதான் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. பழைய கையெழுத்துப் பிரதிகளைக் கையால் தொட விட்டார்கள். இன்னும் ஒரு வருடம் என்று நினைத்தேன். அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. விரைவில் திரும்புகிறேன் என்று நான் பதில் எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அதைப் பொய்யாக எழுதவில்லை. அடுத்த கடிதத்துக்கும் அப்படித்தான். பிறகு பயம் வந்தது. ஒவ்வொரு வருடமும் தண்டனை கூடும், அதனால் அந்த வருடமும் போகவில்லை.

உன் நூலகத்துப் பெண் சொன்னது முழுக்கச் சரி இல்லை. பொய்யர்கள் மட்டும் சேர்ந்து அந்தச் சொல்லைக் கெடுத்திருக்க முடியாது. பொய்யர்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்லும்போது நிஜமாகவே நினைத்துச் சொன்னவர்கள்தான் கெடுத்திருப்பார்கள். அந்த வேலையை நான் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன்.

வாப்பாவுக்குத் தெரியும். போலீஸ்காரர்கள் தோ பாயோ வீட்டுக்கே வந்தார்கள். “வந்து அனுபவிச்சிட்டுப் போடா, ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, நான் வாசல்ல நிப்பேன்” என்றார் போனில். நான் போகவில்லை. உம்மாவுக்கும் தெரியும். சேக் தாவூது பாய்க்கும் தெரிந்திருக்கும், அன்று கதவைத் திறந்து பார்த்தவர் அவர். உன் கல்யாணம் முடியும்வரை உன்னிடம் சொல்லக் கூடாது என்று வாப்பா சத்தியம் வாங்கினார். கல்யாணம் முடிந்த பிறகு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோம்பேறி அண்ணன், கல்நெஞ்சு அண்ணன் என்று நீ நினைத்தால் போதும் என்று விட்டுவிட்டேன். கோழை என்று தெரிவதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது.

சீட்டு மூன்றும் என்னிடம் இருக்கின்றன.

உன் காக்கா


மார்சிலிங்
20 ஜூலை 2025

காக்காவுக்கு ஸலாம். நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

வீட்டில் நான்கு பேர். மூன்று பேருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். நான் என்ன, வாடகைக்கு இருந்தவளா?

என் வீட்டுக்காரர் அந்தச் சேவையை இரண்டரை வருடம் செய்தார். அது முடிந்து நாற்பது வயதுவரை வருடா வருடம் பையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனார். எனக்கு முதல் பிள்ளை கலைந்தபோது அவர் புலாவ் தெக்கோங் தீவில் சேற்றில் படுத்திருந்தார். நான் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தேன். உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். “எனக்கும்தான் பயமா இருந்துச்சு” என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வாப்பா மீதும் எனக்கு ஆத்திரம். ஆகஸ்ட் மாதம் பிறந்தால், தேசிய தினத்துக்கு எங்கள் மாடியில் முதல் கொடி வாப்பா கட்டுவது. ஒரு வருடம் கட்டவில்லை. கேட்டேன். “கம்பு முறிஞ்சு போச்சும்மா” என்றார். அப்புறம் சாகும்வரை கட்டவில்லை. நான் ஒருமுறை புதுக் கம்பு வாங்கி வந்து நீட்டினேன். அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டார். எனக்கு இப்போது தெரிகிறது, நான் அதை அவர் கையில் கொடுத்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று. அந்தப் பாவத்தையும் என்னைச் செய்ய வைத்தீர்கள்.

ஓடிப்போனதைக்கூட விடுங்கள். இருபது, இருபத்திரண்டு வயதில் பயம் வரும். முப்பது வருடம் நான் உங்களை வெறுத்தேனே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? காரணம் தெரியாமல் வெறுத்தேன். என் தொழுகையில் உங்கள் பெயரைத் தாண்டிப் போனேன். அதை எல்லாம் பார்த்துக்கொண்டு, இது எனக்குச் சுலபம் என்று அங்கே உட்கார்ந்து சோனாவுக்கு வேர் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

வராதீர்கள். தாவூது பாய் இடுப்பில் பெல்ட்டோடு இறங்குவார். முபாரக் இறங்குவார். ஐம்பதைத் தாண்டிய வயதில் உங்களைச் சிறைக்கு அனுப்பி வைத்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம். சீட்டு இல்லை. தீர்ந்துவிட்டது.

நஃபீசா


லீட்ஸ்
21 ஆகஸ்ட் 2025

தங்கச்சிக்கு ஸலாம். நான் நலம்.

நீ அனுப்பி வைக்கவில்லை. இதை எழுதி வைத்துக்கொள், யாராவது கேட்டால் காட்டு.

வேலையை விட்டுவிட்டேன். அங்கே ஒரு வக்கீலிடம் பேசியிருக்கிறேன். இறங்கியதும் நானே போய் என் பெயரைச் சொல்வதாக ஏற்பாடு. ஜாமீன் கிடைத்தால் 16-ஆம் தேதி மையவாடியில் இருப்பேன். கிடைக்காவிட்டால் ஊரிலாவது இருப்பேன்.

முதல் சீட்டை இதில் குத்தியிருக்கிறேன். செப்டம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய், காலை 7.40.

காக்கா


தேக்கா
14 டிசம்பர் 2025

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். சிறையில் உங்களுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? பாய் மட்டும்தானாமே, கட்டில் இல்லையாமே. அங்குள்ள டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். சொல்லாமல் இருப்பதில் உங்களுக்குப் பழக்கம் அதிகம்.

என் கோபம் போகவில்லை. நீதிமன்றத்தில் இரண்டு வருடம் என்று அந்த நீதிபதி அம்மா வாசித்தபோது என் பக்கம் திரும்பிச் சிரித்தீர்களே, அப்போது எனக்கு எழுந்து வந்து அறைய வேண்டும் போல இருந்தது. சிரிக்கிற இடமா அது? முபாரக் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜாமீனுக்கு நின்றவரும் அவர்தான். “என் மச்சான், நான் நிக்காம யார் லா நிப்பா?” என்றார்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வராதீர்கள் என்று எழுதியவள், ஒன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கே விமான நிலையத்தில் நின்றேன். உங்கள் விமானத்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பெட்டிகள் நின்றுபோயின. கண்ணாடிக்கு அப்பால் பெட்டி சுற்றி வரும் பட்டையும் நின்றது. நீங்கள் உள்ளே அவர்களிடம் பெயர் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். தெரிந்தும் பதினொரு மணிவரை நின்றேன். யாரும் வராத கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி என்று உம்மாவுக்கு அடுத்தபடியாக எனக்குத் தெரியும்.

எலும்பைச் சுற்றி வைக்கும் கபனுக்குத் தையல் கூடாது. அந்த வெள்ளைத் துணி இரண்டையும் நான்தான் வெட்டினேன். இருபத்தைந்து வருடத் தொழிலில் வெட்டி, தைக்காமல், சீட்டுக் குத்தாமல் கொடுத்த துணி அது மட்டும்தான். 16-ஆம் தேதி நான் மையவாடி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீங்கள் குழிக்குள் இறங்கியது தெரிந்தது. முபாரக் மேலே இருந்து முதலில் வாப்பாவை நீட்டினார். அப்புறம் உம்மாவை. உம்மாவை வாங்கியதும் நீங்கள் குனியவே இல்லை. அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றீர்கள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், அடுத்த வரிசைக்குத் தோண்ட வேண்டும். கடைசியில் தாவூது பாய்தான் சொன்னார், “தம்பி, வைங்க. உம்மா எங்கயும் போகமாட்டாக.” எனக்கு அப்போதும் கோபம்தான். அழுதுகொண்டே கோபமாக இருந்தேன். அதில் என்ன தவறு?

அன்றைக்கு நீங்கள் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் கை இரண்டிலும் செம்மண். அதை என்னிடம் கழற்றிக் கொடுத்தீர்கள். மூன்று முறை அலசினேன், முழங்கைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, போகாது போல. காலர் நைந்திருந்தது, திருப்பிப் போட்டுத் தைத்துவிட்டேன். என் கடைக் கம்பியில் இன்றைக்கு முப்பத்துநான்கு உருப்படி தொங்குகிறது. முப்பத்துமூன்றில் தேதி இருக்கிறது. உங்கள் சட்டையில் பெயர் மட்டும் எழுதிய சீட்டு.

வருகிற வாடிக்கைக்காரிகள் எல்லாம் அதைப் பார்த்துவிடுகிறார்கள். கமலா நேற்றுக் கேட்டாள், “என்னக்கா, இதுல மட்டும் டேட் போடல?” எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நன்னடத்தைக்குக் கழிவு உண்டு என்று வக்கீல் சொன்னார். கணக்குப் பார்த்து எனக்கு எழுதுங்கள். ஊசி குத்தி அனுப்பினால் அங்கே உங்களுக்குக் கொடுக்க மாட்டார்களாம். தாளிலேயே எழுதுங்கள். சோனா, சான், சுன்ஸ் எதுவும் வேண்டாம்.

நஃபீசா


சிறைச்சாலை, சாங்கி
5 ஜனவரி 2026

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். முழங்காலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். கேட்டு வாங்கினேன்.

எழுதிக்கொள். 2027 ஏப்ரல் 7, புதன்கிழமை. தேதி இதுதான் என்று அதிகாரியிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். கதவு திறக்கும் மணி இப்போதே சொல்ல மாட்டார்களாம். அதற்காக அதிகாலையிலேயே வந்து நிற்காதே.

வாப்பா நிற்பேன் என்று சொன்ன வாசல் எது என்று இங்கே வந்த பிறகுதான் பார்த்தேன்.

சட்டையை எடுத்து வா.

காக்கா